கையைக் கடிக்காத நைட்ரோ மான்ஸ்டர் டிரக்: சென்னைக்காரர்கள் பார்த்து வாங்குவது எப்படி

நைட்ரோ மான்ஸ்டர் டிரக் (நைட்ரோ எரிபொருள் இன்ஜினில் ஓடும், பெரிய சக்கரம் வைத்த ரிமோட் வண்டி) வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லது?" என்பதைத்தான். சென்னையில் இருப்பவர் அதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரிக்க வேண்டும். எரிபொருள் யாரிடம் தொடர்ந்து கிடைக்கும்? முன்பக்கச் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்தால் ஒரு வாரத்துக்குள் புதிது கைக்கு வருமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மாடல் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கிய வண்டி எத்தனை விலை கொடுத்ததாக இருந்தாலும் சீக்கிரமே பரணுக்குப் போய்விடும்.

எரிபொருள் முதலில்

இந்த இன்ஜின்களில் பெட்ரோல் ஓடாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்ததுதான் எரிபொருள். ஸ்பார்க் பிளக் கிடையாது. குளோ பிளக்கில் உள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருளில் மெத்தனால் படும்போது நடக்கும் வினைதான் அந்தக் கம்பியை அணையாமல் கனல வைக்கிறது. பெட்ரோலுக்கு அந்தக் குணம் இல்லை. ஊற்றினால் வண்டி கிளம்பாது, எரிபொருள் போகும் சிலிக்கோன் டியூபும் ஊதிக் கெட்டுப்போகும்.

டின்னில் இரண்டு எண்களைப் பாருங்கள். நைட்ரோ 16 முதல் 25 சதவீதம், எண்ணெய் 12 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எண்ணெயில் கொஞ்சமாவது விளக்கெண்ணெய்ச் சேர்மானம் இருந்தால் புதியவர்களுக்கு நல்லது. டியூனிங் கொஞ்சம் தவறி இன்ஜின் சூடேறினாலும் அது தாங்கும். ரிமோட் மாடல் விமானங்களுக்கான எரிபொருள் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், 10 முதல் 15 சதவீதம் நைட்ரோ உள்ளதை வாங்கி ஓட்டலாம். இன்ஜின் கெடாது. இழுவை குறையும், புகை அதிகம் வரும், ஐட்லிங் பிடிப்பது சிரமம்.

எரிபொருள் தீப்பற்றக்கூடிய சரக்கு என்பதால் விமானத்தில் சாதாரணப் பார்சலாக வராது. சாலை வழியாகத்தான் வரவேண்டும். அதனால் வண்டிக்குப் பணம் கட்டும் முன்பே எரிபொருள் கடைக்காரரிடம் பேசிவிடுங்கள். 125 மில்லி டேங்க் உள்ள வண்டிக்கு ஒரு லிட்டர் என்பது 8 டேங்க். டேங்குக்குச் சராசரியாக 12 முதல் 15 நிமிடம் என்றால், லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேர ஓட்டம். உங்கள் பகுதி லிட்டர் விலையை இதோடு வைத்துப் பார்த்தால் மாதச் செலவு தெரிந்துவிடும். வண்டியின் விலையைவிட இந்தக் கணக்குத்தான் பலரை நிறுத்திவிடுகிறது, முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது உத்தமம்.

மெத்தனாலை வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் அத்தனை உயிர்களைப் பறித்தது இந்த மெத்தனால்தான். தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருப்பதற்குக் காரணம் உண்டு. தயாராகக் கலந்து சீல் வைத்த டின்னை மட்டும் வாங்குங்கள். டேங்கிலிருந்து எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. கையில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால், சூடான இன்ஜினுக்கு மேலே டேங்கை வழிய வழிய நிரப்பாதீர்கள்.

எந்த அளவு, எந்தக் குடும்பம்

இன்ஜினில் 15, 18, 21, 28 என்று எழுதியிருப்பது கன அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 15 என்றால் சுமார் 2.5 சிசி, 18 சுமார் 3 சிசி, 21 சுமார் 3.5 சிசி, 28 சுமார் 4.6 சிசி. 1:10 (நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு) வண்டிகளில் 15 முதல் 18 வரை, 1:8 வண்டிகளில் 21க்கு மேல். முதல் வண்டிக்கு 1:10 அளவில் 18 இன்ஜின் போதும். பெரிய வண்டி அதிகம் உழைக்கும் என்ற எண்ணம் பாதிதான் சரி. கனம் கூடக் கூட விழும்போது வாங்கும் அடியும் கூடுகிறது, ஒவ்வொரு பாகத்தின் விலையும் கூடுகிறது, எரிபொருளும் வேகமாகத் தீர்கிறது.

மலிவு வரிசையில் அதிகம் புழங்குவது எச்எஸ்பி பிராண்டு. 1:10 அளவில் 94108, 94188 ஆகிய மாடல்கள் 18 இன்ஜினோடு வருபவை. ரெட்கேட், ஹிமோட்டோ போன்ற வேறு பெயர்களில் விற்கும் வண்டிகள் பலவற்றிலும் இதே பாகங்கள் பொருந்தும். இதுதான் இவற்றின் பெரிய பலம்: ஒரு பெயரில் ஸ்பேர் இல்லை என்றால் இன்னொரு பெயரில் கிடைக்கும். பலவீனங்களும் தெரிந்தவைதான். கூடவே வரும் சர்வோ (ஸ்டியரிங்கையும் திராட்டிலையும் அசைக்கும் சிறு மோட்டார்), குளோ பிளக், ஏர் ஃபில்டர் மூன்றும் சுமார் ரகம்; இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்குள் கிரீஸ் போதுமான அளவு இருக்காது. இவற்றைச் சரிசெய்யும் செலவையும் சேர்த்தே விலையைப் பாருங்கள்.

அதற்கு மேலே டிராக்சஸ் டி-மேக்ஸ், ரீவோ, எச்பிஐ சாவேஜ். டி-மேக்ஸ் 1999ல் வந்தது. பின்னால் வந்த 3.3 இன்ஜின் மாடலும் ரீவோ 3.3 மாடலும் பட்டனை அழுத்தினால் கிளம்பும் மின் ஸ்டார்ட்டரோடு வருபவை. சாவேஜில் இரண்டு அலுமினியத் தகடுகளைப் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தி, நடுவே எல்லாவற்றையும் பூட்டியிருப்பார்கள். தலைகீழாக விழுந்தாலும் சேஸிஸ் வளையாது. உழைப்பு என்று மட்டும் பார்த்தால் சாவேஜுக்குத்தான் எங்கள் ஓட்டு. ஆனால் சென்னையில் இவை பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகத்தான் மாட்டும். ஸ்பேர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டி இருக்கலாம். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020ல் 20லிருந்து 60 சதவீதமாகவும், 2023ல் 70 சதவீதமாகவும் ஏறியது. உங்கள் பார்சல் எந்த வகையில் வரும், இப்போது வரி எவ்வளவு என்று அனுப்புகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆர்டர் போடுங்கள்.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: கையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு வண்டிக்கு, மீதி ஒரு பங்கு எரிபொருள், கருவிகள், முதல் ஸ்பேர்களுக்கு. முழுப் பணத்தையும் வண்டியில் போட்டுவிட்டால் முதல் ஆர்ம் உடைந்த அன்றே ஓட்டம் நின்றுவிடும்.

உடையும் இடங்கள்

அலுமினியத்தில் பளபளக்கும் ஆர்ம்களைப் பார்த்து மயங்காதீர்கள். நைலான் ஆர்ம் அடி வாங்கும்போது வளைந்து திரும்பும். தாங்காவிட்டால் அதுமட்டும் உடையும். அலுமினிய ஆர்ம் வளையாமல் அடியை அப்படியே உள்ளே அனுப்பும். உடைவது டிஃபரென்ஷியலைத் தாங்கும் பல்க்ஹெட்டாக இருக்கும், அதை மாற்ற வண்டியைப் பாதி பிரிக்க வேண்டும். ஆர்ம் மலிவு, பல்க்ஹெட் வேலை பிடிக்கும். உலோகமாக இருக்க வேண்டியவை வேறு: டிஃபரென்ஷியல் கியர்கள், டிரைவ் ஷாஃப்ட்டுகள், சர்வோவின் உள் கியர்கள், ஆர்மைப் பூட்டும் ஹிஞ்ச் பின்கள். இன்ஜினின் சுழற்சியை வாங்கும் பெரிய ஸ்பர் கியர் பிளாஸ்டிக்காக இருப்பதில் தவறில்லை. கல் சிக்கினால் மலிவான ஸ்பர் கியரின் பற்கள் போய், அதைச் சுற்றும் இன்ஜின் பக்கத்து கிளட்ச் பெல் பிழைக்கும்.

வண்டியைக் கையில் எடுத்ததும் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இயல்பு. கடகடவென்று ஆடினால் ஹப் பேரிங் போயிருக்கும். பின் சக்கரம் ஒன்றைச் சுற்றினால் எதிர்ச் சக்கரம் மறுபக்கம் சுற்ற வேண்டும். நடுவில் சிக்கினாலோ கரகரத்தாலோ டிஃபரென்ஷியலில் பல் போயிருக்கிறது. ஷாக்கை அமுக்கி விடுங்கள். ஒரே சீராக எழ வேண்டும். பொசுக்கென்று எழுந்தால் உள்ளே ஆயில் இல்லை. டயர் ரிம்மில் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் நெம்பிப் பாருங்கள்.

பேரிங்குக்காக ஹாபி கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. 5x10x4 அளவு என்றால் எம்ஆர்105 இசட்இசட், 5x11x4 என்றால் எம்ஆர்115 இசட்இசட், 10x15x4 என்றால் 6700 இசட்இசட். பழையதை அளந்து இந்த நம்பரைச் சொன்னால் பாரிமுனைப் பக்கத்துப் பேரிங் கடைகளில் புரிந்துகொள்வார்கள். எம்3, எம்4 அலன் ஸ்க்ரூக்களும் அங்கேயே கிடைக்கும், 12.9 கிரேடு கேளுங்கள். கிளட்ச் பெல்லின் இரண்டு பேரிங்குகள்தான் முதலில் தேய்பவை. அவை இறுகினால் ஐட்லிங்கிலேயே வண்டி நகரப் பார்க்கும், பெல் நீலம் பாய்ந்திருக்கும். இரண்டு செட் கையிருப்பில் இருக்கட்டும்.

இன்ஜினைச் சோதிப்பது

செகண்ட் ஹேண்ட் வண்டியில் பணம் நிற்பதும் போவதும் இன்ஜினில்தான். பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. சிலிண்டர் ஸ்லீவ் மேலே போகப் போக மிக மெல்லிதாகக் குறுகும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கவ்விப் பிடிக்கும். அந்தப் பிடிதான் கம்ப்ரெஷன். அதனால் விற்பவரிடம் முன்பே சொல்லி, இன்ஜின் ஆறிய நிலையில் வண்டியைப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள்.

பிளக் பூட்டியிருக்கும்போது ஃபிளைவீலை (கிராங்கோடு சேர்ந்து சுற்றும் கனமான வட்டு) விரலால் சுற்றுங்கள். உச்சியில் நன்றாக எதிர்க்க வேண்டும். வழவழவென்று சுற்றி வந்துவிட்டால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்தாயிற்று. புது செட்டின் விலையைப் பேரத்தில் கழியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அடுத்து ஃபிளைவீலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கிறது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து ஃபிளைவீலை முன்னும் பின்னும் மிக லேசாகத் திருப்புங்கள். பிஸ்டன் அசையும் முன் வெற்று அசைவு தெரிந்தால் கனெக்டிங் ராட் தளர்ந்துவிட்டது, அது எந்த நேரமும் முறியலாம். சைலன்சரைக் கழற்றி வெளியேற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். செங்குத்துக் கீறல்கள் தெரிந்தால் மண் உள்ளே போயிருக்கிறது. கடைசியாக கார்புரேட்டரின் வாய். ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே விரல் விட்டால் துளி மண்கூட ஒட்டக் கூடாது.

குளோ பிளக்கும் நிறையச் சொல்லும். கம்பிச்சுருள் ஈரமாகக் கறுத்திருந்தால் கலவை ரிச்சாக (எரிபொருள் அதிகம், காற்று குறைவு) ஓடியிருக்கிறது. சாம்பல் வெளுப்பாக, நெளிந்து போயிருந்தால் லீனாக (எரிபொருள் குறைவு, காற்று அதிகம்) ஓடி வெந்திருக்கிறது. பிளக்கில் ஸ்டாண்டர்ட், டர்போ என்று இரு வகை உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. ஸ்டாண்டர்ட் வகைக்கு ஓஎஸ் நம்பர் 8 நம்பிக்கையான தேர்வு.

ரேடியோ

2.4 கிகாஹெர்ட்ஸ் செட் மட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவோடு வந்த வண்டியென்றால் அதை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் போனால் வண்டியைத் தானாக நிறுத்தும் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் இன்ஜினைக் கிளப்பவே கூடாது. இன்ஜின் அணைந்த நிலையில் திராட்டிலைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரை (கையிலுள்ள ரிமோட்) அணையுங்கள். கார்புரேட்டர் மூடி, பிரேக் பிடிக்க வேண்டும். நடக்காவிட்டால், சிக்னல் போன நொடியில் மூன்று நான்கு கிலோ வண்டி முழு வேகத்தில் ஆட்கள் மேல் பாயும். சுவிட்ச் போடும்போது டிரான்ஸ்மிட்டர் முதலில், அணைக்கும்போது வண்டியில் உள்ள ரிசீவர் முதலில்.

ரிசீவருக்கு பென் டார்ச் செல்கள் வேண்டாம், குலுங்கும்போது தொடர்பு விட்டுப்போகும். 6 வோல்ட், 5 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் போடுங்கள். ரிச்சி தெருவில் செல்களும் கனெக்டரும் கிடைக்கும். ஸ்டியரிங் சர்வோவின் திருப்பு விசை 1:10 வண்டிக்கு 6 கிலோ, 1:8க்கு 10 கிலோவுக்கு மேல், மெட்டல் கியரில் இருக்கட்டும். பிளக்கைச் சூடாக்கும் குளோ ஸ்டார்ட்டருக்கு 1.2 வோல்ட் செல்தான், 3.7 வோல்ட் லித்தியம் செல்லைக் கொடுத்தால் பிளக் அந்த நொடியே எரிந்துவிடும். வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி ஒன்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள், இனிமேல் அது இல்லாமல் டியூனிங் செய்ய வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்கு முன்

புது வண்டியானாலும் உலோகத்தில் உலோகம் பூட்டும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டுத் திரும்பப் பூட்டுங்கள்: இன்ஜின் மவுண்ட், ஃபிளைவீல் நட்டு, டிரைவ் கப் ஸ்க்ரூக்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு அது கூடாது, பிளாஸ்டிக் வெடிக்கும். கிளட்ச் பெல்லுக்கும் ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு நோட்டுத்தாள் கீற்றை வைத்து இரண்டையும் நெருக்கி இன்ஜினை இறுக்குங்கள். தாளை உருவிய பிறகு மிச்சமிருப்பதுதான் சரியான இடைவெளி. ஏர் ஃபில்டர் நுரையில் ஃபில்டர் ஆயில் விட்டுப் பிசைந்து, எல்லா இடத்திலும் ஒரே நிறம் வந்த பிறகே பூட்டுங்கள். காய்ந்த நுரை தூசியைப் பிடிக்காது.

முதல் ஐந்து டேங்க் ரன்-இன், அதாவது புது இன்ஜினைப் பழக்கும் ஓட்டம். கலவை ரிச்சாக, புகை தாராளமாக வரட்டும். இன்ஜின் தலை 95 முதல் 105 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். மிகக் குளிர்ச்சியாக ஓட்டினால் ஸ்லீவ் விரியாமல் பிஸ்டன் வீணாக உரசும். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் பிஸ்டனைக் கீழே இறக்கி ஆறவிடுங்கள். உச்சியில் நின்று ஆறினால் ஸ்லீவின் கவ்வல் தளர்ந்துவிடும். எந்த நிலையில் பிஸ்டன் கீழே நிற்கிறது என்று ஃபிளைவீலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் சுலபம்.

கயிற்று ஸ்டார்ட்டரை முழு நீளத்துக்கு இழுக்காதீர்கள், 30 சென்டிமீட்டர் போதும். கயிறு கல்லாக இறுகினால் உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது. பலம் போட்டால் கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, நாலைந்து முறை இழுத்து வடித்துவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

சென்னை வெயிலும் டியூனிங்கும்

எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசிகளை ஒரு தடவைக்குக் கடிகாரத்தில் ஒரு மணி தூரம் மட்டும் திருப்புங்கள். வலப்பக்கம் திருப்பினால் லீன், இடப்பக்கம் ரிச். முதலில் ஹைஸ்பீடு ஊசி. முழு வேகத்தில் மெல்லிய புகைக்கோடு எப்போதும் பின்னால் தெரிய வேண்டும். தலையின் வெப்பம் 105க்கும் 125க்கும் நடுவே. பிறகு லோஸ்பீடு ஊசி. ஐட்லிங்கில் விட்டு எரிபொருள் டியூபை விரலால் நசுக்குங்கள். மூன்று நான்கு நொடி ஓடி, வேகம் லேசாக ஏறி அணைந்தால் சரி. உடனே அணைந்தால் லீன். வெகுநேரம் இழுத்து வேகம் கண்டபடி ஏறினால் ரிச். என்ன செய்தும் ஐட்லிங் ஏறி ஏறி இறங்கினால் ஊசிகளை விட்டுவிட்டு கார்புரேட்டர் அடியில் உள்ள ஓ-ரிங்கையும் இன்ஜினின் பின்தட்டையும் பாருங்கள், காற்றுக் கசிவாக இருக்கும்.

கத்திரி வெயிலில் காற்று அடர்த்தி குறைவு, வண்டி மந்தமாகத் தெரியும். அதற்காக லீன் பக்கம் திருப்பித் திருப்பி வேகம் தேடுகிறவர்கள்தான் மே மாதத்தில் இன்ஜினை இழக்கிறார்கள். 130ஐத் தொட்டால் நிறுத்திவிடுங்கள், காலை எட்டு மணிக்குள் ஓட்டி முடியுங்கள். மார்கழிக் காலையில் நிலைமை தலைகீழ்: காற்று அடர்த்தியாக வரும், மே மாத டியூனிங்கிலேயே விட்டால் இன்ஜின் லீனாகிவிடும். ஹைஸ்பீடு ஊசியை ஒரு மணி தூரம் ரிச் பக்கம் திருப்பிவிட்டே கிளப்புங்கள்.

எங்கே ஓட்டுவது

கடற்கரையில் வேண்டாம். மெரினாவோ பெசன்ட் நகரோ, உப்போடு கலந்த மணல் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் ஒரே மாலையில் ஸ்லீவைத் தேய்த்துவிடும். பேரிங்கில் புகுந்த உப்பு மிச்சத்தைச் செய்யும். பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரைப் பக்கம் நீளும் கரை, ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் ஜனவரி தொடங்கி முட்டையிட வரும் இடமும்கூட. கெட்டியான மண் கிரவுண்டுதான் சரியான இடம். அனுமதி கேட்டுக்கொண்டு, வீடுகள் தள்ளியிருக்கும் இடமாகப் பாருங்கள், சத்தம் தூரம் வரை போகும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள். கார்புரேட்டர் வழியாக ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, ராட் வளையும்.

ஓட்டி முடித்த பிறகு

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டேங்கில் மிச்சம் வைத்து மூடிய வண்டியின் கிராங்க் பேரிங் ஒரே வாரத்தில் செம்பழுப்பாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். அதனால் ஓட்டம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். ஐட்லிங்கில் விட்டு உள்ளே இருப்பதை எரித்துத் தீருங்கள். அணைந்ததும் பிளக்கைச் சூடாக்கி மறுபடி கிளப்பிப் பாருங்கள், இனிக் கிளம்பாது என்கிற வரை. பிறகு பிளக் துளையிலும் கார்புரேட்டர் வாயிலும் துருவைத் தடுக்கும் ஆஃப்டர் ரன் ஆயில் மூன்று நான்கு சொட்டு விட்டு, ஸ்டார்ட்டரைப் பத்து நொடி சுற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் காற்றழுத்தக் கருவிகளுக்கு ஊற்றும் ஏர் டூல் ஆயில் போதும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, அழுக்கு எரிபொருள் மண்ணோடு உள்ளே சொட்டாமல் கார்புரேட்டரின் வாயைத் துணியால் அடைத்து, நுரையை மண்ணெண்ணெயிலோ டிஷ் வாஷ் சோப்பிலோ அலசிக் காயப் போடுங்கள். எரிபொருள் டின்னின் மூடியை இறுக்கி, வெளிச்சமும் வெயிலும் படாத அறையில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், பால்கனி கூடாது.